முந்நூற்றில் ஒன்பது

"முந்நூறு பேரைக் கேட்டதுல ஒன்பதே பேர்தானா? யார் காதுலம்மா பூ சுத்தப் பார்க்கிற?"

ஜீப்பை விட்டு இறங்கும்போதே ராமகிருஷ்ணன் ஆரம்பித்துவிட்டார். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மேலதிகாரி அவர். வெள்ளையம்மாள் அதே நிறுவனத்துக்காகத் திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறவள். தற்காலிகம். கேள்வி ரொம்பச் சுலபம்: 'வேலை செய்ய முடியாதபடி உங்கள் உடம்பில் ஏதாவது நோவு, குறை உண்டா?'

"இதே கேள்வியை இந்த எண்பத்தொண்ணாம் வருஷமே ஒரு வெளிநாட்டுலயும் கேட்டிருக்காங்க. அங்க முந்நூறுல அறுபது பேர் 'ஆமா'ன்னுட்டாங்க. பாலும் பழமும் சாப்பிடுறவங்க! கூழு குடிக்கிற நம்மாளு அவங்களைவிட கெட்டியா? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஊரே சிரிக்கும். வீட்டுல உக்காந்துக்கிட்டே எழுதிட்டே, அதானே?"

"இல்லீங்க சார். ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கித்தான் எழுதினேன்."

"நிரந்தரம் ஆகுறவங்க லிஸ்ட்ல உன் பேரும் இருக்கு. ஆர்டர் இந்தப் பையிலதான் இருக்கு, கையெழுத்து மட்டும் போடல. பத்து பேரை நானே கேக்கப்போறேன். பொய்னு தெரிஞ்சுது, ஆர்டரைக் கிழிச்சுடுவேன். நாளைலேருந்து நீ வர வேணாம்."

வெள்ளையம்மாள் அந்தப் பையையே பார்த்தாள். இரண்டு வருஷமாக, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கெஞ்சிக் கூத்தாடி நீட்டித்து வாங்குகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"வாங்க சார், கேளுங்க" என்று அடி அண்ணாமலை ஊர்த் தெருவுக்குள் விறுவிறுவென்று நடந்தாள். ராமகிருஷ்ணன் மூச்சு வாங்கப் பின்னால் ஓடினார்.

முதலில் அப்பாசாமி. மலை சுற்றும் பாதையில் கற்பூரமும் பொரியும் விற்கிறவர். முதுகு வளைந்துபோய்த் தரையைப் பார்த்தேதான் நடப்பார்.

"வேலை செய்ய முடியாம உடம்புல ஏதாவது..."

"எனக்கு இன்னா கேடு? பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்துறேன். சார் சுத்துவீங்களா?"

சார் 'இல்லை' என்று எழுதினார்.

அடுத்தது ஜோதியம்மாள். இரண்டு கண்ணிலும் வெள்ளையாகப் புரை. தடவித் தடவிப் பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு தெரியலையேம்மா!"

"பூ கட்ட விரல் இருந்தா போதும் சார். கண்ணு எதுக்கு?"

இன்னொரு 'இல்லை'. ஒன்பது பேரைக் கேட்டாயிற்று. ஒன்பதும் 'இல்லை'. ராமகிருஷ்ணனின் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழப்பமாக மாறிக்கொண்டிருந்தது.

பத்தாவதாக ஆராயி. கொல்லைக் காட்டில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒற்றைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருந்தது.

"இது நோவு இல்லையா?"

"அது கெடக்குது சார். இல்லைன்னே எழுதிக்குங்க."

"வெளிநாட்டுல இதுல பாதி வலிக்கே ஆமான்னு சொல்றாங்கம்மா. நீ ஏன் மறைக்கிற?"

ஆராயி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தாள். "முடியலன்னு ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வந்துச்சுன்னா நாளைக்கு என்னை மல்லாட்டை புடுங்க எவன் சார் கூப்பிடுவான்? அது சரி, அந்த ஊர்ல முடியலன்னு சொன்னா இன்னா பண்ணுவாங்க?"

"சர்க்காரே மாசாமாசம் பணம் கொடுக்கும்."

"அடி ஆத்தே! அப்படி ஒரு சர்க்கார் இங்க வரட்டும். உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் நான் சொல்றேன், நீங்க எழுத முடியாது!"

ராமகிருஷ்ணன் பத்தாவது 'இல்லை'யையும் எழுதிக்கொண்டார். வரப்பில் ஏறியதும் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, நீ எழுதின அந்த ஒன்பது பேர் மட்டும் எப்படி ஆமான்னாங்க?"

"ஒன்பது பேரும் கவர்மெண்ட் உத்தியோகம் சார். லீவு போட்டாலும் சம்பளம் நிக்காது, வேலையும் போகாது. சகாதேவன்னு ஒரு கிளார்க், கழுத்துல ஆரம்பிச்சுக் கணுக்கால்ல முடிச்சாரு. எழுதுறதுக்குப் பாரத்துல இடம் போதல."

ராமகிருஷ்ணன் நடு வழியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். "சரியான ஆளும்மா நீ! நீ எழுதினது அத்தனையும் நிஜம். நாங்க கேட்ட கேள்விதான் கோணல். ரிப்போர்ட்ல முதல் பக்கத்துலயே இதைப் போடுறேன், உன் பேரோட!"

ஜீப்புக்குத் திரும்பியதும் அதன் மேலேயே ஆர்டரை விரித்துக் கையெழுத்துப் போட்டார். "இந்தா பிடி. இன்னைலேருந்து நிரந்தரம். மெடிக்கல் லீவு உண்டு. இனிமே யாராலயும் உன்னை அசைக்க முடியாது."

வெள்ளையம்மாள் மூன்று தடவை படித்தாள். ஜெயித்துவிட்டேன் என்று மலைக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும்போல இருந்தது. மடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

"ஒரு பாரம் மிச்சம் இருக்கு. உன்னையும் கேட்டுடுறேன்" என்றார் ராமகிருஷ்ணன் விளையாட்டாக. "வேலை செய்ய முடியாம உடம்புல ஏதாவது நோவு, குறை உண்டா?"

"அப்பாடா!" என்று ஜீப்பின் படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள் வெள்ளையம்மாள்.

"ஆமான்னு எழுதுங்க சார். இடது முழங்கால்... ரெண்டு வருஷமா உயிர் போகுது!"