பத்துக்குப் பத்து

“பிள்ளை அந்தப் பெஞ்சில உக்காரட்டும். நீங்க எழுதுங்கம்மா.”

ஹசன் அலி சார் நீட்டிய தாளைச் சாலோமி வாங்கிப் பார்த்தாள். பத்துக் கணக்கு. மகள் ஜெமிமாவைச் சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் சேர்க்க வந்தால், அம்மாவுக்குப் பரீட்சை வைக்கிறாரே இந்த மனுஷர்?

பேட்டையில் ஒரு பட்டறையின் மாடியில் நடக்கிற வகுப்பு அது. சாருக்குப் பகலில் அதே பட்டறையில் மேற்பார்வை வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பாடம். பன்னிரண்டு பிள்ளைகளுக்குத்தான் இடம். வருஷா வருஷம் நாலைந்து பேராவது தேறிவிடுவதால், தச்சநல்லூர் வரைக்கும் அவர் பேர் பரவியிருந்தது.

சாலோமி பி.எஸ்சி. கணிதம் படித்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் பேனா பிடித்தது மளிகைச் சிட்டை எழுதத்தான். ஆனாலும் கை மறக்கவில்லை. கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தாள்.

“சார், அஞ்சாவது கணக்குல நீங்க குடுத்த நாலு விடையுமே தப்பு. சரியானத ஓரத்துல எழுதியிருக்கேன்.”

சார் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்த ஜெமிமாவை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

“பிள்ளைய சேக்க முடியாதும்மா. கோவிச்சுக்கிடாதீங்க.”

“ஏன் சார்? வகுப்புல இவதான் முதல் ரேங்க்கு.”

“இடம் இல்லம்மா.”

அடுத்த வாரமே விஷயம் தெரிந்துபோனது. பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை போடும் கலைச்செல்வியின் மகள் முத்தரசிக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. எட்டாம் வாய்ப்பாட்டில் பாதி வழியில் நின்றுவிடுகிற பிள்ளை அது.

“நான் தப்பக் கண்டுபிடிச்சேன்லா, அது அவருக்குப் பொறுக்கல,” என்றாள் சாலோமி, கணவன் ஹெப்ரானிடம். “பாடம் சொல்லிக் குடுக்கவருக்கு இவ்வளவு வீம்பா?”

“விடு. வேற எங்கயாவது சேத்துருவோம்.”

“ஒண்ணும் வேண்டாம். நானே சொல்லிக் குடுக்கேன். இவ தேறுன அன்னைக்கு அந்த மாடியேறிப் போயி, அவரு முகத்துக்கு நேரா நாலு வார்த்தை கேக்கேன்.”

அன்றோடு வீட்டில் சீரியல் நின்றது. கங்கைகொண்டான் ஆலைக்குக் காலை ஷிப்டு கிளம்பும் ஹெப்ரானுக்குத் தோசையோடு இரண்டு வட்டிக் கணக்கும் கிடைத்தது. பஸ் ஆற்றுப் பாலத்தில் போகும்போது ஜெமிமாவைத் தண்ணீரைப் பார்க்க விடாமல், இருநூறு மீட்டர் ரயில் இந்தப் பாலத்தைக் கடக்க எத்தனை நொடி ஆகும் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கோயில் பலகையில் போட்டிருந்த பாட்டு எண்களைக் காட்டி, “இதுல எது பகா எண்?” என்று மகள் காதோடு கேட்டாள்.

“பரீட்சை இவளுக்கா, உனக்கா?” என்றான் ஹெப்ரான்.

“அம்மா கோவமா இருக்கையிலதான்ப்பா நல்லாப் புரியுத மாதிரி சொல்லித் தாராங்க,” என்றாள் ஜெமிமா.

நாலு மாதத்தில் அந்தக் கோபம் தானாகவே ஆறத் தொடங்கியது. ஆறிப்போனால் பாடமும் நின்றுவிடுமோ என்று பயந்து, சாலோமி தினமும் காலையில் ஒரு தடவை சாரை நினைத்துக்கொண்டாள்.

தேர்வன்று பள்ளி வாசலில் ஹசன் அலி சார் நின்றார். தன் பிள்ளைகளின் பேனாவெல்லாம் எழுதுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஜெமிமாவின் பேனாவையும் வாங்கிக் கிறுக்கிப் பார்த்துவிட்டு, “பதறாம எழுது தாயி,” என்றார்.

சாலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முடிவு வந்தது. ஜெமிமா தேறியிருந்தாள்.

அன்று சாயங்காலமே சாலோமி பேட்டைக்குக் கிளம்பினாள். கேட்க வேண்டிய நாலு வார்த்தையும் வழியில் நாற்பது வார்த்தையாகிவிட்டது. பட்டறைப் படியில் அவள் காலை வைத்தபோது, மேலேயிருந்து கலைச்செல்வி இறங்கி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“முத்தரசி தேறிட்டாக்கா. அதான் சார்ட்ட சொல்லிட்டு வாரேன்.”

“நல்லது கலை.” சாலோமிக்கு அதை முழு மனசாகச் சொல்ல வரவில்லை. “அவருக்குப் பிடிச்சவங்களுக்குத்தான இங்கன இடம். என் பிள்ளைய வேண்டாம்னு அனுப்பிட்டாரு, தெரியுமா?”

கலைச்செல்வி மெல்ல அவள் பக்கத்தில் வந்தாள்.

“எனக்கு என்னக்கா தெரியும்? அன்னைக்கு என்கிட்டயும் ஒரு பேப்பரக் குடுத்து எழுதச் சொன்னாரு. நான் ரெண்டாப்பு தாண்டாதவ. என்னத்த எழுத? கூனிக் குறுகி வெறும் பேப்பரத் திருப்பிக் குடுத்தேன். பிள்ளைக்கு இடம் போச்சுன்னே நெனச்சேன்.”

“பெறவு?”

“சிரிச்சாருக்கா. ‘அப்ப இடம் உங்க பிள்ளைக்குத்தாம்மா. கணக்குத் தெரிஞ்ச அம்மா இருக்க வீட்டுப் பிள்ளைக்கு நான் என்னத்துக்கு’ன்னாரு.”