கீழ்த்தட்டு அறை

நாற்பது மணி நேரத்தில் எங்கள் கப்பல் மறுபடி தண்ணீரில் இறங்கியாக வேண்டும். பழுதுபார்க்கும் தளத்தில் ஏற அடுத்த கப்பல் வரிசையில் நின்றது. தூத்துக்குடித் தெருக்கள் கடலுக்குள் போனபின், ஆறு குடும்பங்கள் குடியிருக்க வாங்கிய பழைய சரக்குக் கப்பல் அது. எங்களில் வெல்டிங் தெரிந்த ஜெனிபா அதன் அடிப்பகுதியைச் சுத்தியலால் தட்டிக் கேட்டு, துருவேறிச் சத்தம் மங்கிய இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாள். குடும்பத்துக்கு ஓர் அறை என்று பிரித்தபோது, அந்தத் தகட்டையொட்டிய அறையை மற்ற எல்லாரும் வேண்டாமென்றோம்.

“ஒட்டு விட்டுச்சுன்னா அங்க படுத்துக்கிட்டே மீன் பிடிக்கலாம், மைனி,” என்றான் அவள் கொழுந்தன் கிங்ஸ்லி. அவள் சிரித்துக்கொண்டே ஒட்டை மறுபடி தட்டிப் பார்த்தாள்.

கப்பல் இறங்கியது. எல்லாரும் அந்த அறைக்கு ஓடினோம். தகட்டில் ஒரு சொட்டுகூட இல்லை.

“அப்ப இந்த அறை யாருக்குத்தான், மைனி?”

“எனக்குத்தான். முதல்லயே கேட்டு வாங்கிட்டேன். போய் பாப்பா தொட்டிலைத் தூக்கிட்டு வா.”