கட்டைவிரல் பொத்தான்

புது மவுஸின் பக்கவாட்டில் மட்டுமே ஆறு பொத்தான்கள் இருந்தன. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பிரித்த அட்டைப்பெட்டி நாற்காலிக்கு அடியில் கிடந்தது. மத்தியானச் சாப்பாடு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. "இதோ வந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து அவன் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது, ஆள் வரக் காணோம்.

கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவன் வேலை. மனைவிக்கும் அதே தொழில்தான், அவள் கட்டடங்களுக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்களை வரைகிறவள். இத்தனை வருஷமாக இடது கை கீபோர்டில் கமாண்ட் அடிக்க, வலது கை மவுஸை இழுக்க என்று மாடாக உழைத்தாயிற்று. இனி எல்லாவற்றையும் வலது கையே பார்த்துக்கொள்ளும். கோட்டை வெட்ட ஒரு பொத்தான், நகர்த்த ஒன்று, அளக்க ஒன்று.

கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும் இடத்தை மட்டும் யோசித்து யோசித்து அன்டூவுக்குக் கொடுத்தான். போட்ட கோடு பிடிக்கவில்லையா, ஓர் அழுத்து. இருந்த சுவடே தெரியாது.

பரீட்சித்துப் பார்க்க எதிரே திரையில் இருந்தது அவனுடைய சொந்த அறையின் வரைபடம்.

குடிவந்த புதிதில் இரண்டு பேருமாக மஞ்சள் வண்ணம் பூசிய பின்னறை. பூசியதோடு சரி, கதவு சாத்தியே கிடந்தது. போன மாதம் ஒருநாள் அவளாகத்தான் சொன்னாள், "சும்மாதானே இருக்கு, நீங்க வச்சுக்கோங்க" என்று. அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. ஜன்னலோரம் 'ட' மாதிரி மடங்கிய மேசை, அதன்மேல் இரண்டு திரை, யாரும் துணி காயப்போடாத ஒரு நாற்காலி. நாளைக் காலையில் கார்பென்டர் வந்து படத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பலகையை அறுத்துவிடுவார். இன்றைக்கே முடித்தாக வேண்டும்.

"ஏய், இங்க வந்து பாரேன்!"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவன் ஒரு கோடு போட்டான், கட்டைவிரலால் அழுத்தினான், கோடு போயிற்று. மறுபடி போட்டான், மறுபடி போயிற்று. ஏதோ தானே கண்டுபிடித்தவன்போல அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"நல்லாருக்கு" என்றாள். "தள்ளுங்க, நானும் பாக்குறேன்."

நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போய் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். அவள் ஸ்டூலுக்கு மாறியிருந்தாள். திரையில், ஜன்னலுக்குக் கீழே, மூலையோடு ஒட்டி ஒரு சின்னச் செவ்வகம்.

பழகிப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்துக் கட்டைவிரலை அழுத்தினான். செவ்வகம் போயிற்று.

"பாத்தியா, எவ்வளவு சுத்தமா போகுது!"

அவள் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தால், அதே மூலையில் அதே செவ்வகம். இந்தத் தடவை அவன் மேசையின் காலை இடித்துக்கொண்டு நின்றது.

"உன் தண்ணித் தொட்டியெல்லாம் என் ரூமுக்கு வேண்டாம் தாயே" என்று கும்பிட்டுவிட்டு அழுத்தினான்.

அவள் எழுந்து வந்து, அவன் கையை விலக்கி, நின்றபடியே மூன்றாம் முறை வரைந்தாள். செவ்வகத்தின் ஒரு முனையில் இன்னொரு குட்டிச் செவ்வகத்தையும் வைத்தாள்.

அவர்கள் தொழிலில் அது தலையணை. அப்படியானால் மற்றது கட்டில்.

"யாரு, உங்கண்ணன் வரப்போறாரா?" அவனுக்குச் சிரிப்பு. மவுஸை வாங்கி அளக்கும் பொத்தானை அழுத்தினான். நீளம் நாலரை அடி. "அவர் படுத்தா முழங்காலுக்குக் கீழ அந்தரத்துல தொங்குமே!"

அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவுமில்லை.

அவன் இன்னொரு தரம் அளந்தான். நாலரை அடிதான்.

சிரிப்பு பாதியில் நின்றது. அந்த அறைக்கு ஏன் மஞ்சள் பூசினார்கள் என்பது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிந்துவிட்டுக் காத்திருந்ததில் இரண்டு முறை போன் வந்து, இரண்டு முறையும் கைக்கு எட்டிக் கைநழுவிப் போயிற்று. வாய்விட்டுச் சொன்னால் போய்விடுகிறது என்று அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"காலையில போன் வந்துச்சு" என்றாள் திரையைப் பார்த்தபடி. "பொண்ணு. நாலு வயசு. கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சாம், புதன்கிழமை கூட்டிட்டுப் போகலாம்னு சொல்றாங்க."

அவனுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. திரையில் இருந்த மேசையைப் பிடித்தான். நகர்த்தும் பொத்தானை அழுத்தி, இரண்டு திரையும் நாற்காலியுமாக அதை அப்படியே கதவு வழியே வெளியே இழுத்து, கூடத்தில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து வைத்தான். கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டான். ஜன்னலில் சாரல் அடிக்கும்.

பிறகு செட்டிங்ஸைத் திறந்து, கட்டைவிரலுக்குக் கீழே இருந்த அன்டூவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சேவ் வைத்தான்.

அவன் அழுத்துவதற்குள் அவள் விரல் முந்திக்கொண்டது.