அம்மாகிட்ட சொல்லிடுங்க

"டீ ஆறிப்போகுதுன்னு உங்க அம்மாகிட்ட சொல்லுங்க."

மனைவி இதை அவனிடம் சொன்னபோது, அம்மா கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் காது நல்லாவே கேக்கும்னு அவகிட்ட சொல்லு" என்றாள் அம்மா.

அவன் மனைவி பக்கம் திரும்பி, "கேக்குமாம்" என்றான்.

தம்பி விபத்தில் போனதிலிருந்தே அவன் இப்படித்தான். லிப்ட் மெக்கானிக் வேலை அவனுக்குத் தோதாகிப் போயிற்று. லிப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் இறங்கிவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். சோற்றில் உப்பு இல்லை என்றாலும் தெரியாது, இரண்டு மடங்கு போட்டிருந்தாலும் தெரியாது.

அது போதாதென்று மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றுபோனது. எதற்கு என்று அவன் கேட்கவில்லை. இந்தப் பக்கத்துச் சொல்லை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கிற தபால்காரன் ஆனான். அதிலும் பாதி வழியிலேயே தொலைந்துபோகும்.

சில சாயங்காலங்களில் அவன் வேலை விட்டு வரும்போது சன்னலோரத்தில் இரண்டு டீ கோப்பைகள் ஒட்டினாற்போல் இருக்கும். இரண்டிலும் அடியில் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும். அவன் எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்து வைப்பான்.

அன்று டீயைக் குடித்துவிட்டு அம்மா சோப்பு வாங்கக் கடைக்கு இறங்கினாள். மனைவி துணி வாளியோடு மொட்டைமாடிக்குக் கிளம்பியவள், வாசலில் நின்றாள்.

"இங்க பாருங்க. பாத்ரூம்ல கறை போக ஆசிட் ஊத்தி ஊற வச்சிருக்கேன். உங்க அம்மா வந்ததும் பிளீச்சிங் பவுடரைத் தூக்கிட்டு உள்ள போவாங்க. அது இது மேல பட்டா விஷப்புகை கிளம்பும். போக வேண்டாம்னு சொல்லிடுங்க."

"ம்."

"ம்முன்னா?"

"சொல்றேன்."

அம்மா வந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். சொல் நாக்கில்தான் இருந்தது. எடுத்து வெளியே வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் அவள் பவுடர் டப்பாவோடு பாத்ரூமுக்குள் போய்விட்டாள். மூடிய கதவை அவன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

உள்ளே இருமல் கேட்டது. யாரோ எங்கேயோ இருமுவது போலிருந்தது. வாளி ஒன்று உருண்டது. பிறகு இருமலும் நின்றது.

அவன் எழுந்துபோய்க் கதவைத் தள்ளியபோதுதான் கண் எரிந்தது. மூக்கில் மிளகாயை அரைத்து அப்பினாற்போல் காரம் ஏறியது. அம்மா கதவருகே சுருண்டு கிடந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு அவளைப் பால்கனிக்கு இழுத்து வந்து போட்டான். மனைவியைக் கூப்பிட்டான். தனக்கு இவ்வளவு பெரிய குரல் இருந்தது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரல் எவ்வளவு வெந்திருக்கிறதென்று பொறுத்திருந்துதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். பயம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அழுகை வரும் என்று பார்த்தான். அதுவும் வரவில்லை.

சேதி கேட்டு அவன் அக்கா ஓடி வந்தாள், தலையைக்கூடச் சீவாமல்.

"நல்லா இருக்குடி உன் வீம்பு" என்று அவன் மனைவியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட நேரா ஒரு வார்த்தை பேசினா உன் கிரீடம் கழண்டு விழுந்துடுமா? இப்போ பேசு. போ, உள்ள போய் ஆசை தீரப் பேசு."

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தப்பு என்னோடதுதான் அண்ணி. இதைப் போய் இவர்கிட்ட விட்டேனே."

"அவனை ஏன் இழுக்கிற? அவன் பாவம், வாயில்லாப் பூச்சி."

"அவ சொல்லத்தான் செஞ்சா, அக்கா" என்றான் அவன்.

இருவரும் திரும்பினார்கள்.

"என்கிட்ட தெளிவா சொல்லிட்டுத்தான் மாடிக்குப் போனா. நான்தான் அம்மாகிட்ட சொல்லலை. அம்மா என் முன்னாலதான் டப்பாவை எடுத்துட்டுப் போச்சு. பார்த்துட்டே இருந்தேன்."

இத்தனை வாக்கியங்களை அவன் ஒருசேரப் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. அக்கா பெஞ்சில் அவனருகே உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வந்தாள். "கண்ணு முழிச்சிட்டாங்க. இனி பயமில்லை. ரெண்டு பேர் மட்டும் போங்க. அவங்களைப் பேச விடாதீங்க."

அம்மாவின் கண்கள் பழுத்துச் சிவந்திருந்தன. மகனைப் பார்த்தாள். பிறகு முகமூடியைச் சற்று நகர்த்தி மருமகளைப் பார்த்து, "மாடியில துணி அப்படியே கிடக்குதாம்மா?" என்றாள். தொண்டை கரகரத்தது.

"கிடந்துட்டுப் போகட்டும் அத்தை. நீங்க பேசாதீங்க" என்று மனைவி அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். தினமும் ஒதுக்கிவிடுகிறவளைப் போல.

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க ரெண்டு பேரும் எப்போ ராசியானீங்க?"

மனைவி அத்தையைப் பார்த்தாள். அம்மா அவன் கையைத் தேடிப் பிடித்தாள்.

"சண்டையே இல்லைடா. நீ பேசணும்னுதான் நாங்க பேசாம இருந்தோம்."