அழுத்து, பிடி, விடு

“அழுத்து” என்றான் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த கணவன். மேலே உட்கார்ந்திருந்த மனைவி பிரேக்கை மிதித்தாள். “பிடி” என்றான், பிடித்தாள். “விடு” என்றான், விட்டாள். இப்படி ஒத்துப்போகிற தம்பதியைப் பார்த்தால் யார் கண்ணும் பட்டுவிடும்.

கார் அவளுடைய அப்பா விட்டுப்போனது. அந்தக் காலத்து வண்டி. எஞ்சின் ஓடும்போது மிதி லேசாக இருக்கட்டும் என்று சர்வோ மட்டும் பிற்பாடு பொருத்தியிருந்தார். மலைமேல் இருந்த அந்த வீடும் காரும் அவள் அண்ணன் பேரில் இருந்தன. அண்ணன் இன்று வந்து காரை எடுத்துக்கொண்டு மலையிறங்கப் போகிறான். அவன் தனிக்கட்டை. அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் எல்லாம் தங்கைக்கு. தங்கைக்கு என்றால் யாருக்கு என்று விளக்க வேண்டியதில்லை.

பிரேக் குழாயில் காற்றுப் புகுந்தால் மிதி பஞ்சாக அமுங்கும், கால் மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அந்தக் காற்றை எடுக்க, மேலே ஒருவர் மிதித்துப் பிடித்துக்கொள்ள, கீழே ஒருவர் சக்கரத்துத் திருகைத் திறந்து வெளியேற்றிவிட்டு இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகுதான் ‘விடு’ சொல்ல வேண்டும். முந்திச் சொன்னால், வழியனுப்பிய விருந்தாளி செருப்பை மறந்தேன் என்று திரும்புவது போலக் காற்று உள்ளே வந்துவிடும்.

அவன் இன்று நாலு சக்கரத்திலும் முதலில் ‘விடு’ என்றான். ஸ்பானர் இறுகும் கிறீச் சத்தம் அப்புறம்தான் கேட்டது. அவன் சொன்னபோதெல்லாம் மனைவி காலை எடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து இதே பெடலை அப்பாவுக்கு மிதித்துக் கொடுத்தவள்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

வேலை முடிந்ததும் அவன் முடி வெட்டிக்கொள்ளப் போனான். சாவு வீடென்றால் நாலு பேர் வருவார்கள், லட்சணமாக இருக்க வேண்டாமா. சலூனில் கூட்டம். திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது.

அண்ணன்காரன் வந்திருந்தான். குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். பஸ் கம்பியைப் பிடித்து வந்த கை, பாவம், என்று நினைத்துக்கொண்டான் கணவன்.

சாப்பாடு முடிந்தது. அண்ணன் காரில் ஏறி, எஞ்சினைப் போடாமலே பெடலை நாலு தரம் மிதித்தான். கல்லாக நின்றது. மிதித்தபடியே சாவியைத் திருப்பினான்.

“என்ன மாப்பிள்ளை, ஸ்டார்ட் பண்ணதும் பெடல் உள்ள இறங்குதே?”

இதற்குப் பதிலைக் கணவன் முந்தாநாளே தயார் பண்ணி வைத்திருந்தான். “சர்வோ வேலை செய்யுது மச்சான். அப்படித்தான் இறங்கணும்.”

அண்ணன் தலையாட்டினான். பிறகு இறங்கி, சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான்.

“தோள்பட்டை வலிக்குது மாப்பிள்ளை. அடிவாரம் வரைக்கும் நீங்களே ஓட்டுங்க.”

கணவன் வயிறு சரியில்லை என்றான். கண்ணாடியைக் காணோம் என்றான். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாமே என்றான். வயிற்றுக்கு அடிவாரத்தில் டாக்டர் இருக்கிறார், கண்ணாடி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது, சாயங்காலம் மேகம் இறங்கும் என்று அண்ணன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். இதற்குள் மனைவியும் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாசலைத் தாண்டினால் இறக்கம். முதல் வளைவு இங்கிருந்தே தெரிந்தது. வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

வெட்டிய முடிக்குக் கீழே கணவனின் பிடரி வேர்த்தது. “கொஞ்சம் பொறுங்க மச்சான். எதுக்கும் இன்னொரு தரம் காத்து எடுத்துடறேன்.”

“காலைலதானே எடுத்தீங்க?”

“எடுத்தேன். இருந்தாலும்…”

அவன் ஸ்பானரைத் தேடினான். காலையில் வைத்த இடத்தில் அது இல்லை. பின்சீட்டு ஜன்னல் வழியாக மனைவியின் கை அதை நீட்டியது.

“எல்லாம் எடுத்தாச்சுங்க. அண்ணன் கீழ படுத்தாரு, நான் அழுத்தினேன்.”