இருபது நொடிப் பதில்

“இந்த மார்க்கைப் போட்டது எந்தக் கைன்னு பார்த்துட்டுப் போகத்தான் வந்திருக்கேன், மிஸ்!”

டோன்யா சுயாபா வகுப்பறைக் கதவைத் திறந்த வேகத்தில் சுவரிலிருந்த உலகப் படம் ஓர் ஆட்டம் ஆடி நின்றது. அழகு நிலையத்தில் யாருக்கோ பாதித் தலைக்குச் சாயம் பூசிவிட்டு அப்படியே கிளம்பி வந்திருக்கிறாள். விரல் நுனியெல்லாம் செம்பட்டை.

ஸ்பானிஷ் ஆசிரியை மிஸ் ஆர்செலாய் பேனாவை மூடி வைத்தாள். அமெரிக்கப் பள்ளிகளில் மே மாதம் நடக்கப்போகும் ஏ.பி. தேர்வுக்கு முன்னோட்டமாக ஒரு மாதிரித் தேர்வு வைத்து, நேற்றுதான் மதிப்பெண்களைச் சொல்லியிருந்தாள்.

“உக்காருங்க, டோன்யா. எல்வினோட அம்மாதானே?” ஸ்பானிஷில் ‘அம்மணி’ என்பதைத்தான் மரியாதையாக ‘டோன்யா’ என்பார்கள்.

“அம்மாவேதான். பால்குடி வயசுலயே ஸ்பானிஷ்ல அழுதவன் அவன். அவனுக்குப் போய் இப்படி ஒரு மார்க்கா? உங்க மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க, நியாயமா இது?”

மார்க்குக்காகச் சண்டைக்கு வந்த பெற்றோர் எத்தனையோ பேரை மிஸ் சமாளித்திருக்கிறாள். ஆனால் இந்தச் சண்டையின் தலையும் வாலும் அவளுக்குப் பிடிபடவில்லை.

“நானா எதையும் போடலை. விதிப்படிதான் போட்டிருக்கேன்.”

“என்ன பொல்லாத விதி? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்.”

மிஸ் பொறுமையாக விளக்கினாள். இந்தத் தேர்வில் ஒன்றிலிருந்து ஐந்து வரைதான் மதிப்பெண். நன்றாக வாங்கினால் கல்லூரியில் ஒரு பாடத்தைப் படிக்காமலே தாண்டிவிடலாம். கட்டுரை உண்டு, மின்னஞ்சல் எழுதுவது உண்டு. அதையெல்லாம் சுயாபா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவள் சண்டை முழுக்க உரையாடல் பகுதியோடுதான்.

“கம்ப்யூட்டர்ல ஒரு குரல் பேசும், டோன்யா. பேசி முடிச்சதும் பீப். பிள்ளைங்க இருபது நொடிக்குள்ள பதில் சொல்லணும். மறுபடி பீப். குரல் அடுத்த பேச்சுக்குப் போயிடும். இப்படி அஞ்சு தடவை.”

“இருபது நொடியில காபியில போட்ட சர்க்கரை கூடக் கரையாது!”

“கேட்டதுக்கு நேரா பதில் வரணும். மார்க் அதுக்குத்தான்.”

“நேராவா? ஹோண்டுராஸ்ல நாங்க ஒருத்தரைப் பார்த்தா உடம்பு எப்படி, அம்மா எப்படி, கோழி முட்டை போடுதான்னு கேட்டுட்டுத்தான் வந்த காரியத்தைப் பேசுவோம். நேரா காரியத்துக்கு வர்றவன் போலீஸ்காரன் மட்டும்தான்!”

“பிரச்சினையே அங்கதான். போன வருஷம் ரோசிபெல்னு ஒரு பொண்ணு. அருமையாப் பேசுவா. மாதிரிப் பரீட்சையில அந்தக் குரல்கிட்ட வீட்டுல எல்லாரும் சுகமா, பிள்ளைங்க சுகமான்னு ஆரம்பிச்சா. முடிக்கறதுக்குள்ள பீப். அஞ்சு தடவையும் இதே கதை. அவளுக்கு ரெண்டுதான் போட முடிஞ்சது.”

“நலம் விசாரிச்ச பொண்ணுக்கு ரெண்டா!” சுயாபா மேசையில் ஓங்கி அடித்தாள். கோப்பையிலிருந்த காபி தளும்பிச் சிந்தியது. “அந்த மெஷினுக்குத்தான் அம்மா கிடையாது. உங்களுக்குமா கிடையாது?”

மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. எந்த ஆசிரியைக்குத்தான் கோபம் வராது?

“எனக்கும் அம்மா இருக்காங்க, டோன்யா. உங்க பிள்ளைங்க ஜெயிக்கணும்னுதான் மதியச் சாப்பாட்டைக் கூட விட்டுட்டு, வருஷம் பூரா இவங்களைப் பழக்கறேன்.”

“பழக்கினீங்க! நல்லாவே பழக்கினீங்க!” என்றாள் சுயாபா. “பேப்பர் இல்லைன்னு எல்வினோட அப்பாவைப் பிடிச்சு ஹோண்டுராஸுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க ஊர் ஒலாஞ்சீட்டோவிலேருந்து ஞாயித்துக்கிழமை வர்ற போன் ஒண்ணுதான் அந்த மனுஷனுக்கும் இவனுக்கும் நடுவுல மிச்சம். ‘என் பிள்ளைகிட்ட ஸ்பானிஷ் இருக்கற வரைக்கும் நானும் இருப்பேன், அதை விட்டுடாதே’ன்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனார். வர்ற ஞாயித்துக்கிழமை, பையனுக்கு என்ன மார்க்குன்னு அவர் கேட்டா நான் எந்த வாயால சொல்லுவேன்?”

மிஸ் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள்.

“உங்க பையன் பேசினது இதுல பதிவாகியிருக்கு. நீங்களே கேளுங்க. கேட்டுட்டு, நான் போட்டது தப்புன்னா சொல்லுங்க.”

ஒரு பெண் குரல் பேசியது. “எல்வின், நான் மார்செலா. எங்கம்மாவுக்கு திடீர்னு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். பள்ளிக்கூட விழா வேலையை என்னால பார்க்க முடியாது. என்ன பண்ணலாம்?”

பீப்.

“ரெண்டு வழி இருக்கு,” என்றான் எல்வின், செய்தி வாசிப்பவனைப் போல. “ஒண்ணு, விழாவைத் தள்ளி வைக்கலாம். இன்னொண்ணு, உன் வேலையை நான் எடுத்துக்கலாம். ரெண்டாவதுதான் நல்லதுன்னு எனக்குப் படுது. ஏன்னா சனிக்கிழமை எனக்கு வேற வேலை இல்லை.”

பீப்.

சுயாபா எழுந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“கேட்டீங்க இல்ல? காது குளிரக் கேட்டீங்க இல்ல? இதுக்கா அந்த மார்க்கு?”

“ஐயோ, அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கேன், டோன்யா! அதுக்கு மேல எண்ணே கிடையாதே, இன்னும் எப்படி ஏத்தறது?”

“ஏத்தச் சொல்லி யாரு வந்தா? குறைங்க!” சுயாபாவின் கண் கலங்கிவிட்டது. “போன ஞாயித்துக்கிழமை அவங்கப்பா கூரையிலேருந்து விழுந்து கையை உடைச்சுக்கிட்டதைச் சொல்லி போன்ல அழறார், இவன் ‘ரெண்டு வழி இருக்கு’ன்னு மளமளன்னு சொல்லி முடிச்சுட்டு, பீப் சத்தத்துக்காகக் காத்துக்கிட்டு நிக்கறான்!”