தொட்டிலில் கட்டிய பட்டை

இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தும் பேச்சியம்மாள் தையல் மெஷினை நிறுத்தவில்லை. அவள் கையில் பட்டை இல்லை.

மனித உரிமை காக்கிறோம் என்று வெளிநாட்டுக் கம்பெனி தொழிலாளர் எல்லோர் மணிக்கட்டிலும் வலியை அளக்கும் ஒரு பட்டை கட்டியிருந்தது. வலி ஏறினால் அது சிவக்கும். வலியோடு யாரும் உழைக்கக் கூடாதென்று, சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் பெண்கள் பட்டையைக் கழற்றி, மில் தொட்டில்களில் தூங்கும் தங்கள் பிள்ளைகளின் காலில் கட்டினார்கள்.

அன்று சூப்பர்வைசர் லட்டுக் கூடையோடு வந்து, அதைத் தரையில் வைத்தார். “ஒலகத்துலயே நோகாம வேலை பாக்கறவங்க நீங்கதானாம்மா. கம்பெனிக்குப் பரிசு வந்திருக்குது. களைப்பே இல்லாதவங்களுக்கு டீ நேரம் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. நாளையிலிருந்து அது கிடையாது.”

“குனிஞ்சு எடுக்க முடியல சார். வாயில போட்டுட்டுப் போங்க” என்றாள் பேச்சியம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் லட்டை மென்றாள்.

இடுப்பை நிமிர்த்த அவளுக்கிருந்த அந்த டீ நேரப் பத்து நிமிடத்தைக் கம்பெனி இன்னும் திருப்பித் தரவில்லை.